இல்லாத ரேமை இருப்பதாகக் காட்டிய கதை

செஞ்சிக்கோட்டையின் ராஜகிரி மலையில் மூச்சு வாங்க ஏறியவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். உச்சியில் இடம் கொஞ்சம்தான். ரங்கநாதர் கோயில், மணிக்கூண்டு, கருவூலம், களஞ்சியம், பீரங்கி என்று எல்லாம் அந்தச் சின்ன இடத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். பெரிய நெற்களஞ்சியம், குதிரை லாயம், கல்யாண மகால், ஆனைக்குளம் எல்லாம் மலையடிவாரத்தில். உடனே கைக்கு எட்ட வேண்டியது மேலே, மற்றதெல்லாம் கீழே. வேண்டும்போது ஆள் இறங்கிப் போய்த் தூக்கிக்கொண்டு வரவேண்டும். 1690 முதல் 1698 வரை முகலாயத் தளபதி சுல்ஃபிகர் கான் இந்தக் கோட்டையை முற்றுகையிட்டார். சேமிப்பு இல்லாத ஒரு கோட்டை எட்டு வருஷம் தாங்கியிருக்காது. (தாங்கியதற்கு அரசியல் காரணங்களும் உண்டு. அது தனிக்கதை, இன்னொரு நாள் பார்க்கலாம்.)

கணினிக்குள்ளும் இதே ஏற்பாடுதான். ரேம் என்பது மலையுச்சி. வேகமானது, விலை கூடியது, ஆகவே சின்னது. ஹார்ட் டிஸ்க் அடிவாரக் களஞ்சியம். பெரியது, மலிவானது, ஆனால் தூரம். மெய்நிகர் நினைவகம் என்று தமிழில் சொல்கிற விர்ச்சுவல் மெமரி செய்வது ஒரு சாமர்த்தியமான பொய். உச்சியில் இருப்பவரிடம் "இடம் தாராளமாக இருக்கிறது, எவ்வளவு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிடும். பிறகு அவர் கவனிக்காத நேரத்தில், அதிகம் தொடாத மூட்டைகளை அடிவாரத்துக்கு அனுப்பிவிடும். அவர் அந்த மூட்டையையே கேட்டால், அவரை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டு, வேறொரு மூட்டையைக் கீழே தள்ளி, கேட்டதை மேலே ஏற்றிக் கையில் கொடுக்கும். இயங்குகிற நிரலுக்கு இந்த ஏற்ற இறக்கம் எதுவுமே தெரியாது.

ஆனால் இந்த உவமை ஓர் இடத்தில் உதைக்கிறது. 1990-களின் கடைசியில் ரேமிலிருந்து ஒரு தகவலை எடுக்கச் சுமார் 60 நானோ விநாடி ஆகும். ஹார்ட் டிஸ்க்கில் முனை நகர்ந்து, தட்டு சுழன்று, தேடிய இடம் வந்து சேரச் சுமார் 10 மில்லி விநாடி. கணக்குப் போட்டால் ஏறக்குறைய 1,66,000 மடங்கு. உச்சியில் கை நீட்டி எடுக்க ஒரு விநாடி ஆகிறது என்றால், கீழே போய் எடுத்துவர 46 மணி நேரம்! ராஜகிரியில் ஏறி இறங்க அரை நாள் போதுமே. 46 மணி நேரத்தில் செஞ்சியிலிருந்து திண்டிவனம் வழியாகச் சென்னைக்கே, சுமார் 150 கிலோமீட்டர், வழியில் ஓர் இரவு தூங்கி எழுந்து நடந்தே போய்விடலாம். இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் மீதிக் கதை சுலபமாகப் புரியும்.

இந்தப் பொய்யை முதலில் கண்டுபிடித்தவர்கள் ஏழைகள் இல்லை. 1950-களில் கணினி வைத்திருந்தவர்கள் அரசாங்கங்களும் பெரிய பல்கலைக்கழகங்களும்தான். ஆனால் அவர்களுக்கும் நினைவகம் பற்றாக்குறைதான். நிரல் பெரிதாக இருந்தால் எழுதுபவரே அதைத் துண்டு துண்டாக வெட்டி, எந்தத் துண்டு எப்போது உள்ளே வரவேண்டும், அது வரும்போது எது வெளியே போகவேண்டும் என்று கையாலேயே திட்டமிட வேண்டும். இதற்கு ஓவர்லே என்று பெயர். கணக்குப் போடும் நேரத்தைவிட இந்த வெட்டல் ஒட்டலுக்கே அதிக நேரம் போகும். நிரலில் ஒரு வரியை மாற்றினால் மொத்தத் திட்டமும் கலையலாம்.

பெர்லினில் ஃபிரிட்ஸ் ருடால்ஃப் குன்ட்ஷ் என்பவர் 1950-களின் நடுவில் தம் ஆய்வேட்டில் இந்த வேலையைக் கணினியே தானாகச் செய்யலாம் என்று எழுதினார். அது காகிதத்தோடு நின்றது. உண்மையில் செய்து காட்டியது இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகம். டாம் கில்பர்ன் தலைமையில் உருவான அட்லஸ் கணினி 1962 டிசம்பர் 7 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. அதில் வேகமான காந்த வளைய நினைவகம் 16,384 சொற்கள் கொண்டது. (இங்கே சொல் என்பது 48 பிட் கொண்ட ஒரு அலகு.) மெதுவாகச் சுழலும் காந்த உருளை 98,304 சொற்கள். இரண்டையும் 512 சொற்கள் கொண்ட பக்கங்களாகப் பிரித்தார்கள். வேகமான நினைவகத்தில் ஒரே நேரத்தில் 32 பக்கம்தான் நிற்கும். ஆனால் நிரல் எழுதுபவருக்கு எல்லாம் ஒரே பெரிய நினைவகமாகத் தெரியும். அதனால்தான் அவர்கள் அதை "ஒரே மட்ட சேமிப்பு" என்று அழைத்தார்கள். கேட்ட பக்கம் உள்ளே இல்லையென்றால் வன்பொருளே நிரலை நிறுத்தும். எந்தப் பக்கம் இனிச் சில காலம் தேவைப்படாது என்று ஊகித்து அதை உருளைக்கு அனுப்ப ஒரு சிறு நிரல் இருந்தது.

இன்றைக்கு விண்டோஸிலும் லினக்ஸிலும் ஆண்ட்ராய்டிலும் நடப்பது அடிப்படையில் இதேதான். அறுபது வருஷம் தாண்டியும் யோசனை மாறவில்லை.

வந்தவுடன் எல்லோரும் கைதட்டவில்லை. "மனிதன் கையால் பிரிப்பது போல இயந்திரம் பிரிக்குமா?" என்று பல வருஷம் சண்டை நடந்தது. 1969-ல் ஐபிஎம்மைச் சேர்ந்த டேவிட் சேயர் சோதனைகள் நடத்தி, தானியங்கி முறை கைவேலைக்குச் சளைத்ததில்லை என்று எழுதிய பிறகுதான் அந்தச் சண்டை ஓய்ந்தது. ஆனால் அதற்குள் வேறொரு பூதம் கிளம்பியிருந்தது. ஒரே கணினியில் பலர் ஒரே நேரத்தில் வேலை செய்ய ஆரம்பித்த காலம் அது. ஆட்கள் கூடக் கூடக் கணினி கொஞ்சம் கொஞ்சமாக மெதுவாகவில்லை. ஒரு கட்டம் வரை நன்றாக ஓடி, திடீரென்று படுத்துவிட்டது. செயலி சும்மா உட்கார்ந்திருக்கும், உருளை மட்டும் விடாமல் சுழலும். இதற்கு த்ராஷிங் என்று பெயர் வந்தது.

இதற்கு விடை சொன்னவர் பீட்டர் டென்னிங். 1968-ல் அவர் முன்வைத்தது 'வொர்க்கிங் செட்' என்ற கருத்து. ஒரு நிரல் மொத்தமாக எவ்வளவு பெரியது என்பது முக்கியமில்லை, அடுத்த சில நொடிகளுக்கு அது திரும்பத் திரும்பத் தொடப்போகும் பக்கங்கள் எத்தனை என்பதே கேள்வி. மலையுச்சியில் சமைப்பவருக்கு அரிசி, உப்பு, விறகு மூன்றும் கைக்கெட்ட இருந்தால் போதும். அடுத்த வருஷத்துக்கான விதைநெல் அடிவாரத்தில் கிடக்கலாம், ஒரு குறையும் இல்லை. ஆனால் அரிசிக்கும் உப்புக்குமே மேலே இடம் போதவில்லை என்றால்? உப்பை எடுக்க அரிசியைக் கீழே அனுப்பி, அரிசிக்காக உப்பைக் கீழே அனுப்பி, ஆட்கள் படியிலேயே வாழ்க்கையைக் கழிப்பார்கள். சோறு வேகாது. கீழே களஞ்சியத்தை இன்னும் பத்து மடங்கு பெரிதாகக் கட்டினாலும் வேகாது. வீட்டுக் கணினிக்காரர்கள் பிற்காலத்தில் பட்ட பாட்டின் காரணம் முழுக்க இந்த ஒரு விஷயத்தில் இருக்கிறது.

தமிழ்நாட்டுக்கு வருவோம். சென்னை ஐஐடியில் 1973-ல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு ஐபிஎம் 370/155 கணினி நிறுவப்பட்டது. அன்று இந்தியாவில் இருந்த மிகப் பெரிய கணினிகளில் அதுவும் ஒன்று. அட்டையில் துளையிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, விடைக்குக் காத்திருக்கும் காலம். இந்த 155 என்ற மாடலுக்கு ஒரு சோகக்கதை உண்டு. ஐபிஎம் அதை 1970-ல் அறிவித்தபோது அதில் மெய்நிகர் நினைவகத்துக்கான வன்பொருள் கிடையாது. 1972 ஆகஸ்டில் அதே ஐபிஎம், இனி 370 வரிசை முழுக்க மெய்நிகர் நினைவகம்தான் என்று அறிவித்தது. அப்போதுதான் 155-ஐ வாங்கி முடித்திருந்த உலகெங்குமான வாடிக்கையாளர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? முகவரியை மாற்றித்தரும் பெட்டி ஒன்றைத் தனியாக வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம், விலை 2 லட்சம் டாலர் என்றார்கள்! இன்று போன் வாங்கிய மறுமாதம் புது மாடல் வந்துவிட்டதே என்று புலம்புகிறவர்கள் இதை நினைத்து ஆறுதல் அடையலாம்.

அடுத்து வீட்டுக்கும் பள்ளிக்கும் வந்த சின்னக் கணினிகள். 1984-ல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற திட்டத்தில் பள்ளிகளுக்குக் கணினிக் கல்வியைக் கொண்டுவந்தது. அதற்குத் தேர்ந்தெடுத்தது இங்கிலாந்தின் பிபிசி மைக்ரோ கணினி. நினைவகம் 32 கிலோபைட். ஆம், கிலோபைட்தான். இன்று போனில் எடுக்கும் ஒரு போட்டோ அதைப்போல நூறு மடங்கு இருக்கும். இதில் மெய்நிகர் நினைவகம் வைக்க முடியாததற்குக் காரணம் இட நெருக்கடி மட்டுமில்லை. நிரல் இல்லாத பக்கத்தைத் தொட்ட அந்தக் கணத்தில் அதைப் பாதியில் நிறுத்தி, பக்கம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரச் செய்யும் திறமை செயலிக்கு வேண்டும். அந்தக் காலத்து 8 பிட் செயலிகளுக்கு அது கிடையாது. பெட்டி மாற்றுவது போல நினைவகத் துண்டுகளை மாற்றி மாற்றிக் காட்டும் 'பேங்க் ஸ்விட்சிங்' என்ற குறுக்குவழிதான் இருந்தது. அதாவது மறுபடியும் கைவேலை. 1950-களின் ஓவர்லே, முப்பது வருஷம் கழித்து வீட்டு மேஜையில் மறுபிறவி எடுத்தது.

ஐபிஎம் பிசியில் 640 கிலோபைட் என்ற மதில் இருந்தது. அதை ஏறிக் குதிக்க எத்தனையோ வித்தைகள். 1982-ல் வந்த இன்டெல் 286 பாதி வழி வந்தது. 1985-ல் வந்த 386 செயலிதான் உண்மையான திருப்பம். அட்லஸில் அறை முழுக்க அடைத்துக்கொண்டிருந்த அந்தப் பக்க வித்தை, 4 கிலோபைட் பக்கங்களாக ஒரு சில்லுக்குள் வந்துவிட்டது. 1990 மே மாதம் விண்டோஸ் 3.0 வந்தபோது, 386 வைத்திருந்த சாதாரண வீட்டுக்காரருக்கும் 'ஸ்வாப் ஃபைல்' என்ற சொல் அறிமுகமானது. பணக்கார ஆய்வகங்களில் நிரல் எழுதுபவரின் சௌகரியத்துக்காகப் பிறந்த ஒன்று, ரேம் வாங்கக் காசில்லாதவர்களின் கைத்தடியாக மாறியது இங்கேதான்.

ரேம் அப்போது என்ன விலை? 1990-களின் முதல் பாதியில் ஒரு மெகாபைட் சுமார் 30 டாலருக்கு மேல். டாலர் 31 ரூபாய் இருந்த நேரம். வரி, போக்குவரத்து எல்லாம் சேர்க்கும் முன்பே ஒரு மெகாபைட்டுக்குக் கிட்டத்தட்ட ஆயிரம் ரூபாய். 1993 ஜூலையில் ஜப்பானில் சுமிட்டோமோ நிறுவனத்தின் ஆலை வெடித்தது. சில்லுகளை மூடும் பிசினைச் செய்த ஆலை அது. அந்த ஒரு விபத்தில் உலகமெங்கும் ரேம் விலை எகிறியது. 1999 செப்டம்பரில் தைவான் நிலநடுக்கத்தின்போதும் இதே கதை. எங்கோ பூமி குலுங்க, இங்கே ரிச்சி தெருவில் விலைப் பட்டியலை அழித்து எழுதுவார்கள்.

இப்படி ஒரு பசி இருக்கும்போது அதில் காசு பார்க்க ஆள் வராமல் இருப்பார்களா? 1995-ல் அமெரிக்காவில் சின்க்ரோனிஸ் என்ற நிறுவனம் 'சாஃப்ட்ரேம்' என்ற மென்பொருளை விற்றது. போட்டால் ரேம் இரட்டிப்பாகும் என்பது விளம்பரம். லட்சக்கணக்கில் விற்றது. விண்டோஸ் 95-க்கான பதிப்பைப் பிரித்துப் பார்த்த மார்க் ரஸ்ஸினோவிச், பிரைஸ் காக்ஸ்வெல், ஆண்ட்ரூ ஷுல்மன் ஆகியோர் கண்டது என்ன தெரியுமா? ரேமைச் சுருக்கும் வேலை எதுவுமே அதில் நடக்கவில்லை. அமெரிக்க வர்த்தக ஆணையம் தலையிட்டது. மென்பொருள் திரும்பப் பெறப்பட்டது, நிறுவனம் சில வருஷத்தில் திவாலானது. இத்தனைக்கும் அந்த யோசனை பொய் இல்லை. ஆப்பிள் கணினிகளுக்காக கனெக்டிக்ஸ் நிறுவனம் 1994-ல் வெளியிட்ட 'ரேம் டப்ளர்' உண்மையாகவே சுருக்கிக் காட்டியது. நல்ல யோசனையின் பேரில் போலிச் சரக்கு விற்பது எந்தக் காலத்திலும் நடக்கிறது.

2000-ஐ ஒட்டிய வருஷங்களில் செஞ்சி, ஆரணி, திண்டிவனம் அளவிலான ஊர்களில் வீட்டுக்குக் கணினி வருவது பெரிய செலவு. பெரும்பாலும் உதிரிகளை வாங்கிப் பூட்டிய அசெம்பிள்டு கணினி. 32 அல்லது 64 மெகாபைட் ரேம், சில ஜிகாபைட் ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 98. அந்த விண்டோஸுக்கு அது போதும். அன்றைய தமிழுக்கும் போதும். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற டாப், டாம் குறியாக்கங்களும், இணையத்தில் புழங்கிய டிஸ்கியும் 8 பிட் எழுத்துருக்கள். எழுத்துருவில் இருக்கும் இடங்களில் தமிழ் எழுத்தை உட்கார வைப்பதுதானே, கணினிக்கு எந்தச் சுமையும் இல்லை.

சிக்கல் யூனிகோடோடு வந்தது. 2003-க்குப் பிறகு தமிழ் வலைப்பதிவுகள் பெருகின. எல்லோரும் யூனிகோடுக்கு மாறினார்கள். அதைச் சரியாகக் காட்டவும் தட்டவும் விண்டோஸ் 2000 அல்லது எக்ஸ்பி இருந்தால்தான் நிம்மதி. லதா எழுத்துரு அவற்றோடு கூடவே வந்தது. இ-கலப்பையை நிறுவிக்கொண்டால் அம்மா என்று தட்டலாம். விண்டோஸ் 98-ல் எப்படியோ சில கோப்புகளை மாற்றிப் படிக்க மட்டும் வழி செய்யலாம். அதிலும் கொம்பும் காலும் இடம் மாறி நின்று பார்ப்பவரைப் பயமுறுத்தும். ஆகவே எக்ஸ்பிக்கு மாறவேண்டும். எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் சொன்ன குறைந்தபட்ச ரேம் 64 மெகாபைட், பரிந்துரைத்தது 128. தமிழ் எழுத்து கனமானது என்பதால் வந்த சுமை இல்லை இது. ஒரு பக்கத் தமிழ் சில ஆயிரம் பைட்டுக்குள் அடங்கிவிடும். தமிழைச் சுமந்து வந்த வண்டிதான் கனம். தாய்மொழியில் ஒரு மின்னஞ்சல் எழுத ஆசைப்பட்டவர், அதற்காக ஒரு முழு இயங்குதளத்தின் எடையையும் 64 மெகாபைட்டில் ஏற்றவேண்டியதாயிற்று.

ஏற்றினார்கள். மெய்நிகர் நினைவகம் இருந்ததால் அது ஏறவும் செய்தது. கணினி "முடியாது" என்று சொல்லவில்லை. காத்திருக்கச் சொன்னது. பொத்தானை அழுத்திவிட்டு டீ குடித்து வரலாம். உலாவியைச் சிறிதாக்கி வைத்துவிட்டு வேர்டில் பத்து நிமிஷம் தட்டச்சு செய்து மீண்டும் உலாவியைத் திறந்தால், ஹார்ட் டிஸ்க் விளக்கு விடாமல் எரியும், உள்ளே கரகரவென்று எலி பிறாண்டும் சத்தம். என்ன நடக்கிறது என்று ஒரு கணக்கு. உலாவியின் 20 மெகாபைட் கீழே அனுப்பப்பட்டுவிட்டது. அதாவது 4 கிலோபைட் பக்கங்கள் 5,120. ஒவ்வொன்றும் தட்டின் வெவ்வேறு மூலையில் கிடந்து, ஒவ்வொன்றாக 12 மில்லி விநாடியில் எடுத்தால் ஒரு நிமிஷம். விண்டோஸ் பல பக்கங்களைச் சேர்த்தே அள்ளும் என்பதால் உண்மையில் இதைவிடக் குறையும். ஆனால் டிஸ்க் நிரம்பி, துண்டு துண்டாகச் சிதறியிருந்தால் இந்த மோசமான கணக்குக்குப் பக்கத்தில் போய்விடும். 2008-க்குப் பிறகு தமிழ்நாட்டில் மின்வெட்டு மணிக்கணக்கில் இருந்தது. பழைய விண்டோஸ் 98-ஐயே ஓட்டிக்கொண்டிருந்த வீடுகளில் நடுவில் கரண்ட் போனால், வந்தபிறகு நீலத்திரையில் ஸ்கேன்டிஸ்க் வேறு. மின்சாரம் இருக்கும் கொஞ்ச நேரத்தில் ஒரு பங்கு இந்தக் காத்திருப்பிலேயே கரையும்.

இந்தத் தலைமுறை கற்ற கைவைத்தியங்கள் ஏராளம். சிலது நல்ல மருந்து, சிலது வெறும் மூடநம்பிக்கை. ஸ்வாப் கோப்பின் குறைந்தபட்ச அளவையும் அதிகபட்ச அளவையும் ஒன்றாக்கி வைத்தால் அது வளர்ந்து சுருங்கிச் சிதறாது. இது பலன் தரும். டீஃப்ராக் செய்தபின் வைத்தால் இன்னும் நல்லது. இரண்டாவது ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதில் வைப்பது மிக நல்லது. ஆனால் ஒரே டிஸ்க்கை இரண்டாகப் பிரித்து "டி டிரைவில்" வைப்பதால் வேகம் கூடாது, முனை இன்னும் தூரம் ஓடவேண்டும். விண்டோஸ் 98-ல் சிஸ்டம்.இனி கோப்பில் ஒரு வரி சேர்த்தால் ரேம் தீரும்வரை ஸ்வாப்பைத் தொடாது. ரேம் ஓரளவு இருந்தவர்களுக்கு அது உதவியது, 32 மெகாபைட்காரருக்கு அதனால் என்ன பயன்? ஸ்வாப்பையே முழுக்க அணைத்துவிட்டால் கணினி பறக்கும் என்று சொன்னவர்களும் உண்டு. அப்படிச் செய்தவர்கள் நினைவகம் போதாது என்ற பெட்டியை விரைவில் பார்த்தார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய வேடிக்கை அந்த ஒன்றரை மடங்கு விதி. ரேமைப்போல ஒன்றரை மடங்கு ஸ்வாப் வைக்கவேண்டும் என்பது வேதவாக்காகப் பரவியது. எக்ஸ்பியே அந்தக் கணக்கில்தான் ஆரம்பித்தது. லினக்ஸ்காரர்கள் இரண்டு மடங்கு என்பார்கள். கொஞ்சம் யோசித்தால் இது தலைகீழ். 512 மெகாபைட் ரேம் உள்ளவருக்கு 768 ஸ்வாப், அவருக்கு அது தேவையே இல்லை. 64 மெகாபைட்காரருக்கு 96, அவருக்கோ அது போதவே போதாது. இருப்பவருக்கு அதிகம், இல்லாதவருக்குக் குறைவு! செய்ய வேண்டிய கணக்கு வேறு. திறக்கும் மென்பொருள் எல்லாம் சேர்ந்து எவ்வளவு கேட்கும் என்று பார்த்து, அதில் ரேமைக் கழித்தால் வருவதுதான் ஸ்வாப்புக்குத் தேவை. ஆனால் தேவையான அளவு ஸ்வாப் வைத்தபின்னும் ஓடவில்லை என்றால், காரணம் டென்னிங் சொன்னதுதான். அரிசிக்கும் உப்புக்குமே மேலே இடமில்லை. அப்போது ஒரே வைத்தியம் இன்னொரு ரேம் குச்சி. அல்லது ஒரு நேரத்தில் ஒரு மென்பொருளை மட்டும் திறப்பது. பலரும் இரண்டாவதைச் செய்தார்கள். அவர்களுக்கு டென்னிங்கைத் தெரியாது, ஆனால் அவர் சொன்னதைத்தான் செய்தார்கள்.

மைக்ரோசாஃப்ட் 2007-ல் விஸ்டாவோடு 'ரெடிபூஸ்ட்' கொடுத்தது. பென் டிரைவைச் செருகினால் அதை இடைச்சேமிப்பாகப் பயன்படுத்தும். அதை ரேம் என்றே நம்பி பென் டிரைவ் வாங்கியவர்கள் ஏமாந்தார்கள். தொடர்ந்து படிப்பதில் பென் டிரைவ் டிஸ்க்கைவிட மெதுவு. சிதறிக் கிடக்கும் சின்னத் துண்டுகளை எடுப்பதில்தான் அது வேகம்.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்கள் கையில் 2 ஜிகாபைட் ரேமும் 320 ஜிகாபைட் டிஸ்க்கும் கொண்ட மடிக்கணினி வந்தது. விண்டோஸும், சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதில் சேர்ந்தே இருந்தன. செஞ்சி வட்டாரத்து வீடுகள் பலவற்றில் அதுதான் முதல் கணினி. அந்த நேரத்துக்கு 2 ஜிகாபைட் மோசமில்லை. ஆனால் அந்த மடிக்கணினி கல்லூரி முடியும்வரை ஓடவேண்டும், தம்பி தங்கைக்கும் கைமாறவேண்டும். அதற்குள் உலாவி மட்டுமே ஒரு ஜிகாபைட்டைக் கேட்க ஆரம்பித்துவிட்டது. மறுபடியும் விளக்கு விடாமல் எரிந்தது.

இதே காலத்தில் லினக்ஸ் பக்கம் ஒரு நல்ல வேலை நடந்தது. நிதின் குப்தா என்ற நிரலாளர் 'கம்ப்கேஷ்' என்ற திட்டத்தை ஆரம்பித்திருந்தார். கீழே அனுப்ப வேண்டிய பக்கங்களை டிஸ்க்குக்கு அனுப்பாமல், சுருக்கி ரேமிலேயே ஒரு மூலையில் வைப்பது. மூட்டையை அடிவாரத்துக்கு அனுப்பாமல் அமுக்கிக் கட்டிப் பரணில் போடுவது மாதிரி. சாஃப்ட்ரேம் பொய்யாக வாக்களித்ததை இது உண்மையாகச் செய்தது, அதுவும் இலவசமாக. பின்னாளில் 'ஸீரேம்' என்ற பெயரில் 2014-ல் லினக்ஸ் கருநிரலின் முக்கியப் பகுதியில் சேர்ந்தது. அதற்கு முந்தைய வருஷமே, 512 மெகாபைட் போன்களிலும் ஓடவேண்டும் என்று வந்த ஆண்ட்ராய்டு 4.4 அதைப் பயன்படுத்த வழி செய்திருந்தது. அதே 2014 செப்டம்பரில் இந்தியாவில் அறிமுகமான ஆண்ட்ராய்டு ஒன் போன்களில் ரேம் ஒரே ஒரு ஜிகாபைட். பழைய கணினிக்கும் இது நல்ல மருந்து. 2 ஜிகாபைட் மடிக்கணினியை இன்னும் தூக்கி எறியாமல் வைத்திருப்பவர்கள் லேசான ஒரு லினக்ஸைப் போட்டு, ஸீரேமை இயக்கி, பழைய டிஸ்க்குக்குப் பதில் ஒரு எஸ்எஸ்டியைப் பொருத்திப் பார்க்கலாம். எஸ்எஸ்டியில் ஒரு பக்கத்தை எடுக்கச் சுமார் 0.1 மில்லி விநாடி. ஆரம்பத்தில் போட்ட கணக்கில் 46 மணி நேரப் பயணம் இங்கே அரை மணி நேரமாகிவிடும். சென்னைக்கு நடக்கவேண்டாம், கடைத்தெருவுக்குப் போய்வந்தால் போதும்.

2021 முதல் போன் விளம்பரங்களில் "8 ஜிபி + 8 ஜிபி" என்று போட ஆரம்பித்திருக்கிறார்கள். விர்ச்சுவல் ரேம், எக்ஸ்டெண்டட் ரேம், ரேம் பிளஸ் என்று கம்பெனிக்கு ஒரு பெயர். கடைக்காரர் பதினாறு ஜிபி என்றே சொல்லி விற்பார். அந்த இரண்டாவது எட்டு, போனின் சேமிப்பிலிருந்து கிள்ளி எடுத்த ஸ்வாப். அட்லஸின் காந்த உருளை இருந்த அதே இடம்தான் அதற்கு. பின்னணியில் கிடக்கும் செயலிகளை மூடிவிடாமல் வைத்திருக்க அது கொஞ்சம் உதவும். கையில் ஓடும் விளையாட்டை வேகமாக்காது. ஃப்ளாஷ் சேமிப்பில் இத்தனை முறைதான் எழுதலாம் என்ற வரம்பும் உண்டு, விடாமல் ஸ்வாப் செய்தால் அதன் ஆயுளில் ஒரு பங்கு அதற்கே போகும். அமைப்புகளுக்குள் போய் அதை அணைக்கவும் செய்யலாம். அணைத்துவிட்டு போனை ஒருமுறை மறுதொடக்கம் செய்தால், சேமிப்பில் எட்டு ஜிபி திரும்பக் கிடைக்கும்.